உங்கள் இதயம் எங்கே இருக்கிறது? விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம்

"நெஞ்சைத் தொட்டுச் சொல்" என்றால் கை தானாக இடப்பக்கம்தான் போகும். புத்தகப் படத்தைப் பார்த்து ஆரிக்கிள் (மேல் அறை), வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை) என்று ஒப்பிக்கத் தெரிந்தவர்கள்கூட, இதயம் தன் உடம்புக்குள் எப்படித் திரும்பிக் கிடக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். நானும் அப்படி விழித்தவன்தான். அதனால் படத்தை மூடிவைத்துவிட்டு, தோலில் எழுதினால் கழுவ வரும் பேனா ஒன்றோடு கண்ணாடி முன் உட்காருங்கள்.

படி 1: மேட்டைப் பிடியுங்கள்

கழுத்து முடிகிற இடத்தில், இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். ஆள்காட்டி விரலை அங்கே வைத்து மார்பெலும்பின் மேலேயே நேராகக் கீழே இறக்குங்கள். சுமார் 5 செ.மீ. இறங்கியதும் குறுக்காக ஒரு சின்ன மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் மேல்துண்டும் நடுத்துண்டும் சேரும் இடம் அது. சிலருக்குச் சட்டென்று தெரியும்; சிலருக்குக் கொஞ்சம் அழுத்தித் தடவ வேண்டும்.

மேட்டிலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அது ஏறி நிற்பது 2-ஆம் விலா எலும்பு. முதல் விலா, காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கைக்குச் சரியாகச் சிக்காது. தொடக்கத்தில் நான் முதலில் தட்டுப்பட்ட விலாவையே 'ஒன்று' என்று எண்ணி, கடைசிவரை ஓர் எண் பிசகிக்கொண்டே இருந்தேன். மேட்டை விட்டால் எல்லாம் போச்சு.

படி 2: துடிக்கும் நுனி

2-ஆம் விலாவுக்குக் கீழே உள்ள பள்ளம் 2-ஆம் இடைவெளி. இடப்பக்கம் அப்படியே எண்ணிக்கொண்டு 5-ஆம் இடைவெளிக்கு வாருங்கள். இடது காறை எலும்பின் நடுவிலிருந்து நேராக ஒரு கோடு இறக்கினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இதயத்தின் நுனி. இரண்டு விரல்களை மெதுவாக வைத்துக் காத்திருங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதன் சொந்தத் துடிப்பு குழப்பும். ஒன்றும் தெரியவில்லையா? இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இதயம் மார்புச் சுவரை ஒட்டி வரும். அப்போதும் தெரியாவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை, பலருக்கும் அப்படித்தான்.

படி 3: கோட்டை இணையுங்கள்

நான்கு புள்ளிகள் வையுங்கள். மார்பெலும்பின் ஓரத்தை ஒட்டி இடப்பக்கம் 2-ஆம் விலாவின் கீழே ஒன்று. வலப்பக்கம் 3-ஆம் விலாவில் ஒன்று, 6-ஆம் விலாவில் ஒன்று. நான்காவது, நீங்கள் கண்டுபிடித்த நுனி. இணைத்துப் பாருங்கள். இதயம் நடுவில் சாய்ந்து கிடக்கிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடப்பக்கம், ஒரு பங்கு வலப்பக்கம். பெரியவர்களுக்கு எடை சுமார் 250 முதல் 350 கிராம், அளவு அவரவர் மூடிய கை.

படி 4: வலது என்பது முன்பக்கம்

எனக்கு எல்லாம் புரிந்தது இந்த இடத்தில்தான். தட்டையான படத்தில் வலது அறைகள் ஒரு பக்கம், இடது அறைகள் மறுபக்கம். உள்ளேயோ இதயம் முறுக்கித் திரும்பியிருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் உங்களைப் பார்த்து நிற்பது பெரும்பாலும் வலது வெண்ட்ரிக்கிள். இடது ஆரிக்கிள் முதுகுப்பக்கம், உணவுக்குழாயை ஒட்டி. அதனால்தான் அந்த அறையைத் தெளிவாகப் பார்க்க மருத்துவர்கள், ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவியை வாய்வழியே உணவுக்குழாய்க்குள் இறக்குகிறார்கள். உடல் முழுக்க இரத்தத்தைத் தள்ளும் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். நீங்கள் தொட்ட துடிப்பு அதனுடையது.

சுற்றியிருப்பவை: இதயத்தைப் போர்த்திய பெரிகார்டியம் என்ற உறை, வழுவழுப்புக்குக் கொஞ்சம் திரவம், இரு பக்கமும் நுரையீரல்கள். இடது நுரையீரலின் முன் ஓரத்தில் இதயத்துக்கென்றே ஒரு வெட்டு உண்டு. அடியில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம். பெரிகார்டியம் அதனோடு ஒட்டியிருப்பதால், ஆழமாக மூச்சிழுத்தால் இதயமும் கூடவே இறங்கும்.

படி 5: காது கொடுங்கள்

'லப்' என்பது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவிலுள்ள வால்வுகள் மூடும்போது. 'டப்' என்பது பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடும்போது. நான்கு வால்வுகளும் மார்பெலும்பை ஒட்டியே நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் சத்தம் இரத்தம் ஓடும் திசையில் போவதால் கேட்கும் இடங்கள் வேறு: பெருந்தமனி வால்வு வலது 2-ஆம் இடைவெளியில், நுரையீரல் தமனி வால்வு இடது 2-ஆம் இடைவெளியில், வலது அறைகளுக்கு நடுவிலுள்ள மூவிதழ் வால்வு மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்தில், இடது அறைகளுக்கு நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு நுனியில்.

ஸ்டெதஸ்கோப் இல்லையென்றால், 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் செய்ததையே செய்யலாம். தாளை இறுக்கிச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை வீட்டில் யாராவது ஒருவரின் நெஞ்சில் நுனி இருக்கும் இடத்தில் வைத்து, மறுமுனையில் காதை வையுங்கள். மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுங்கள்.