ஒருவர் வராத நாளிலும் நடக்கும் சங்கம்

திருகோணமலையில் மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், முன்பள்ளி நடத்தும் சிறு அமைப்பு என எதைத் தொடங்கினாலும், பதாகையும் இறப்பர் முத்திரையும் முதலில் வந்துவிடுகின்றன. அன்றாட வேலை எப்படி நடக்கும் என்பது மட்டும் செயலாளரின் மனத்திலேயே தங்கிவிடுகிறது. நான் பொருளாளராக இருந்த ஒரு சங்கத்தில், தாயாரின் சிகிச்சைக்காகச் செயலாளர் இரண்டு வாரம் கொழும்பில் தங்க நேர்ந்தபோது, அலுமாரித் திறப்பு எங்கே இருக்கிறது என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. காசோலைப் புத்தகம் உள்ளே பூட்டிக்கிடக்க, ஆசிரியைகள் இருவர் சம்பளமின்றிக் காத்திருந்தார்கள்.

ஆகவே, சங்கத்தின் விதிகளான யாப்பை எழுதிப் பதிவை முடித்த கையோடு ஒரு சீ.ஆர். கொப்பியை (தடித்த அட்டையிட்ட குறிப்பேட்டை) எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதை யார் செய்கிறார், அவர் இல்லாதபோது யார் செய்வார், எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், தாள்கள் எந்தக் கோப்புக்குப் போகும் என்பவற்றை அந்த வேலையைச் செய்பவரே எழுத வேண்டும். பின்னர் இன்னொருவர் அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்து வேலையைச் செய்யட்டும். எழுதியவர் வாய் திறவாமல் பக்கத்தில் இருக்கட்டும். மற்றவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

காசு விடயத்தில் கூடிய கவனம் தேவை. செலவை அனுமதிப்பவர், காசைக் கையாள்பவர், ஏட்டில் பதிபவர் ஆகிய மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். எவ்வளவு நம்பிக்கையானவர் கேட்டாலும் வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே ஒப்பமிடாதீர்கள். அப்படிச் செய்தால் காசோலைக்கு இருவர் ஒப்பம் வேண்டும் என்ற ஏற்பாடே பொருளற்றுப் போகும். சில்லறைச் செலவுக்கான காசு 10,000 ரூபாய் என்று தீர்மானித்தால், பெட்டியிலுள்ள காசும் பற்றுச்சீட்டுகளின் தொகையும் சேர்ந்து எந்நேரமும் 10,000 ஆகவே இருக்க வேண்டும். பெட்டியில் 3,650 இருந்தால் 6,350 ரூபாய்க்குச் சீட்டு இருக்க வேண்டும். சந்தையில் பற்றுச்சீட்டுத் தராத வியாபாரியிடம் வாங்கினால், செலவுச் சீட்டை நாமே எழுதி அவரிடம் ஒப்பம் பெறலாம். மாத முடிவில் வங்கிக் கூற்றைக் காசேட்டுடன் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் காரணத்தை அன்றே எழுதிவையுங்கள்.

ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உட்படும் நிறுவனமாயின், தொழில்தருநரின் பங்கு சம்பளத்தில் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம். எனவே 40,000 ரூபாய்ச் சம்பளம் உண்மையில் 46,000 ரூபாய்ச் செலவாகும். வேலை தருவதாக வாக்களிக்கும் முன்னரே இதைப் பாதீட்டில் சேர்க்க வேண்டும்.

ஏடுகள் யாவும் ஒரே கட்டடத்தில் இருக்கலாகாது. 2004 டிசெம்பர் 26 அன்று கடல் ஏறிய கிண்ணியா, மூதூர்க் கரைகளில் வாழ்பவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. யாப்பு, பதிவுச் சான்றிதழ், கூட்ட அறிக்கை, காணி ஆவணம் ஆகியவற்றின் பிரதிகளைக் கரையிலிருந்து தள்ளியிருக்கும் ஓர் உறுப்பினரிடம் மாரி தொடங்கும் முன் ஒப்படையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை செயலாளரையும் பொருளாளரையும் ஒரே வாரத்தில் விடுப்பில் அனுப்பி, மற்றவர்கள் அந்தக் கொப்பியைக் கொண்டே அலுவலகத்தை நடத்தட்டும். அந்த வாரத்தில் நின்றுபோன வேலைகளை அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் முதல் விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.