பழைய காரின் ஸ்டியரிங்: ஆட்டம் எங்கே என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்

அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துப் பட்டறைகளில் வந்து சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "வண்டி ரோட்டுல நிக்க மாட்டேங்குது." நேராகப் பிடித்தாலும் அலைகிறது, வளைவில் ஒரு நொடி தாமதித்துத் திரும்புகிறது. உடனே அகல டயர், பவர் ஸ்டியரிங், கெட்டியான ஸ்பிரிங் என்று பேச்சு போய்விடும். இந்த வண்டிகள் புதிதாக வந்தபோது இப்படி அலையவில்லை. முதலில் அந்தப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றம் ஏதாவது தேவையா என்பதை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

பணத்தை அதிகம் வீணாக்குகிற தவறு, ஸ்டியரிங் பாக்ஸை முறுக்குவது. பத்மினியில் இருப்பது வார்ம் கியர் (திருகு போன்ற பல்) போட்ட பாக்ஸ். அதன் மேலே ஆட்டத்தை, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா அசைவதை, குறைக்க ஒரு அட்ஜஸ்டிங் ஸ்குரூ உண்டு. "அண்ணாச்சி, அரைச் சுத்து முறுக்கினா சரியாயிடும்" என்று முறுக்கி விடுவார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் வார்ம் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் இருக்கிற ஆட்டம் போகும்வரை முறுக்கினால், தேயாத ஓரங்களில் பல் இறுகிப் பிடிக்கும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. எதிரே பஸ் வரும்போது அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. பாக்ஸில் கை வைக்கத்தான் வேண்டுமென்றால் அதோடு சேர்ந்த ராடைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது பிடித்தால் அதற்கு மேல் முறுக்கக் கூடாது. அம்பாசிடரில் பாக்ஸே கிடையாது, ரேக் அண்ட் பினியன்தான், அதாவது சிறு பல்சக்கரம் ஒரு பல் வைத்த தண்டை இடமும் வலமும் தள்ளுகிற அமைப்பு. அதில் ரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்தாலே பாதி ஆட்டம் வந்துவிடும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், இரண்டு பேர் போதும். வண்டி நான்கு சக்கரத்திலும் எடையோடு பட்டறைப் பள்ளத்தின் மேல் நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கி மட்டும் பார்த்தால் பல ஆட்டங்கள் ஒளிந்துகொள்ளும். ஒருவர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல் என்று விடாமல் அசைக்க வேண்டும். இன்னொருவர் கீழே இருந்து ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரலை வைக்க வேண்டும்: டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் ராடின் முனை), பத்மினி என்றால் ஐட்லர் ஆர்ம் (பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் ராடைத் தாங்கும் கை), பிறகு பாக்ஸ் பாடியில் ஏறியிருக்கிற இடம். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் சற்றுத் தாமதமாக நகர்ந்தால் அந்த 'டக்' விரலுக்குத் தெரியும். கண் தவறவிடுவதை விரல் தவறவிடாது. ஐட்லர் ஆர்ம் புஷ் போய்விட்டது தெரியாமல் பாக்ஸையே மாற்றிவிடுகிற கொடுமையும் நடக்கிறது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, வீல் பேரிங்கையும் கிங் பின்னையும் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) பார்ப்பது இதற்கு அடுத்த வேலை.

சட்டம் 30 டிகிரி வரை ஆட்டத்தை அனுமதிக்கிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கில் அது விளிம்பில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வரும். எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அவ்வளவு ஆட்டத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டுவது பெரிய அவதி.

தேய்ந்த ஜாயிண்டை வைத்துக்கொண்டு வீல் அலைன்மென்ட் செய்வது அடுத்த தவறு. மெஷினில் காட்டுகிற எண் வண்டி வெளியே வந்ததும் மாறிவிடும். இன்னொன்று, வண்டியின் உயரம். அம்பாசிடரின் முன்பக்கம் டார்ஷன் பாரில் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு) நிற்கிறது. வருடக்கணக்கில் அது இறங்கியிருக்கும். பின்பக்கம் சாமான் ஏற்றுவதற்காக யாரோ பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருப்பார்கள். மூக்கு தாழ்ந்து வால் தூக்கினால் காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும், வண்டி நேர்கோட்டில் நிற்பதும் அந்தக் கோணத்தால்தான். எனவே முதலில் உயரம், பிறகு ஜாயிண்ட், கடைசியில்தான் அலைன்மென்ட்.

டயர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பத்மினிக்கு 5.20-14, அம்பாசிடருக்கு 5.90-15 நைலான் டயர் வந்தது. இப்போது பலர் ரேடியலுக்கு மாறுகிறார்கள், நல்லதுதான். ஆனால் காசு மிச்சம் என்று முன்னால் இரண்டு ரேடியல், பின்னால் பழைய நைலான் என்று போடுவதை மன்னிக்கவே முடியாது. முன்பக்கம் ரோட்டைப் பிடிக்கும், பின்பக்கம் விட்டுவிடும், மழையில் வளைவில் வால் சுழன்றுவிடும். மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள். ரேடியல் போட்டால் டோ-இன் அளவையும் (முன்சக்கரங்கள் முன்னால் லேசாக உள்நோக்கியிருப்பது) குறைக்க வேண்டியிருக்கும். அளவுக்கு மீறிய அகலமும் வேண்டாம். நிறுத்தும்போது ஸ்டியரிங் கல்லாகும், முழுசாகத் திருப்பினால் உரசும். ஆஃப்செட் மாறிய ரிம், அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்துகிற ரிம், என்றால் ஒவ்வொரு குழியும் கையில் உதைக்கும். ஷெட்டில் நின்ற வண்டியின் டயரில் பட்டன் (தேயாத மேல்வரி) நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2312 என்றால் 2012-ன் 23-வது வாரம் செய்தது, அதைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

ரப்பர் புஷ் மாற்றுகிறவர்கள் அவசரத்தில் செய்வது: வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுவது. கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அப்புறம் முறுக்க வேண்டும்.

காயில் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். செய்யாதீர்கள். ஸ்டியரிங் பாக்ஸில் ஆயில் ஒழுகுகிறது என்று கிரீஸை அடைப்பதும் அப்படித்தான். பல் ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் திரும்பி வராது, வார்ம் காய்ந்து தேயும். சீலை மாற்றிக் கியர் ஆயில் ஊற்றுவதே சரி.

பவர் ஸ்டியரிங் கேட்பவர்களிடம் ஒரு கேள்வி: இப்போது ஏன் கனமாக இருக்கிறது? காற்று குறைவு, கிரீஸ் காணாத கிங் பின், அகல டயர், சிறிய ஸ்டியரிங் வீல், இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். இதையெல்லாம் பார்க்காமல், வேறு காரின் எலெக்ட்ரிக் யூனிட்டை வாங்கி, ஸ்டியரிங் தண்டை அறுத்து வெல்டிங் வைக்கிறார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் கையில் வெறும் சக்கரம்தான் மிஞ்சும். ஸ்டியரிங் தொடர்பான எந்த உறுப்பிலும் பட்டறை வெல்டிங் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதற்கு வரம்பு வைத்திருக்கிறது.

குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் பட்டை ஸ்பிரிங் பிடிக்கும் ஹேங்கரும், ரேக்கோ பாக்ஸோ ஏறியிருக்கும் தகடும் உள்ளிருந்து அரிக்கும். பெயிண்டுக்கு மேலே ஒன்றும் தெரியாது. ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே போகும். அப்படிப்பட்ட தகட்டில் எத்தனை புது ஜாயிண்ட் போட்டாலும் வண்டி நேராகப் போகாது. தகட்டு வேலையை முதலில் முடியுங்கள்.

வேலை முடிந்ததும் நேராக ஆரல்வாய்மொழிக்கு ஓட்டிப் போகாதீர்கள். ஆடி மாதக் காற்றில் அந்தக் கணவாயில் புது வண்டியே அசையும், குறை வண்டியிலா காற்றிலா என்று பிரித்தறிய முடியாது. காற்றில்லாத காலை நேரத்தில், ஆள் குறைந்த நேர்ரோட்டில், மெதுவான வேகத்தில் ஆரம்பியுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து ஓட்டிப் பார்த்தால்தான் எது பலன் கொடுத்தது என்று தெரியும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் கழற்றி மாட்டிய ஒவ்வொரு நட்டையும், காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) உட்பட, மறுபடி பார்த்துவிடுங்கள்.