லெவோடோபா சாப்பிடுபவருக்கு ஒரு நேரக் குறிப்பேடு

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் சில நாட்களாவது நேரக் குறிப்பேடு எழுதுங்கள். "நடுக்கம் சில சமயம் இருக்கு, சில சமயம் இல்லை" என்ற பதிலை வைத்துக்கொண்டு மருந்தின் அளவை மாற்றுவது எந்த மருத்துவருக்கும் கடினம்.

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியின் உயிரணுக்கள்தான் உடலசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைனைச் சுரக்கின்றன. இந்நோயில் அவை அழிந்துவருகின்றன. மூளையில் டோபமைனைத் தீர்த்துவிடும் ரெசெர்பின் என்ற மருந்து கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த விலங்குகள் லெவோடோபாவால் மீண்டும் நடமாடியதை ஸ்வீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் 1957-இல் காட்டினார். 1960-இல் எரிங்கர், ஹோர்னிகிவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள், இந்நோயால் பாதிக்கப்பட்டு இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டனர். டோபமைனையே கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது என்பதால் உள்ளே நுழைந்து டோபமைனாக மாறக்கூடிய லெவோடோபாவும், அது வழியிலேயே அப்படி மாறிவிடாமல் காக்கக் கார்பிடோபா என்ற துணை மருந்தும் சேர்த்துத் தரப்படுகின்றன. அப்படியும் ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். தொடக்க ஆண்டுகளில் மிஞ்சியிருக்கும் உயிரணுக்கள் டோபமைனைச் சேமித்துவைத்துச் சமாளிக்கும். அவையும் குறையும்போது மாத்திரையின் ஏற்ற இறக்கம் நடையிலேயே தெரியத் தொடங்கும்.

ஆகவே குறிப்பேட்டில் மாத்திரை, சாப்பாடு, உடல்நிலை ஆகிய மூன்றையும் மணியோடு எழுத வேண்டும். "7.00 மாத்திரை. 7.45 சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். 10.30 வாசற்படியில் கால் எழவில்லை" என்பது போல, கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால் போதும். தன்னையறியாமல் கைகால் நெளிந்தால் அதையும் நேரத்தோடு குறியுங்கள். நடுக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு, இது பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது.

சாப்பாட்டுக் குறிப்பை அலட்சியப்படுத்துபவர்களே அதிகம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் குடலிலும், மூளையின் வாசலிலும் லெவோடோபாவோடு போட்டியிடுகின்றன. மதியம் மீன் குழம்போடு சுறாப்புட்டும் சாப்பிட்ட நாளில் மாலை மாத்திரை பிந்தி வேலை செய்தால் அது குறிப்பேட்டில் பளிச்சென்று தெரியும். கடலூர், புதுச்சேரிக்காரர்களை மீனை விடச் சொல்வது நடக்கிற காரியமல்ல, தேவையும் இல்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போடலாமா, புரதத்தை இரவுக்குத் தள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபா உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் அதன் நேரத்தையும் எழுதுங்கள்.

வாந்திக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே ஆபத்து. வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு மூளையில் டோபமைனின் வேலையைத் தடுத்து நோயை மோசமாக்கும். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதன் பொடியைச் சாப்பிடுகிறவர் அதை மறைக்கக் கூடாது, அது கணக்கில் வராத கூடுதல் மருந்து.

கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போவதானால், வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் மதிய மாத்திரை தவறாதபடி கையில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் பார்க்கும் நேரத்தில் மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பதால், கால் எழாமல் நின்ற வேளையில் கைப்பேசியில் எடுத்த சிறு காணொளியையும் காட்டுங்கள். குறிப்பேட்டில் எது தெரிந்தாலும் நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.