ஒரு பகடை, ஆறு ரோமன் எழுத்து: ஆயிரத்தைத் தொடும் ஆட்டம்

ரோமன் எண்களுக்கு எழுத்துகள் ஏழு: ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. பகடைக்கு முகம் ஆறு. முதல் ஆறு எழுத்தையும் முகங்களில் ஏற்றி, மிஞ்சும் எம்மை இலக்காக வைத்தால் ஆட்டம் தயார்.

‘பிக்’ என்ற பகடை ஆட்டத்தில் 1 விழுந்தால் அந்த முறை சேர்த்ததெல்லாம் போய்விடும். இங்கே அப்படிக் கெட்ட முகம் ஏதும் இல்லை. எண்ணை எழுதும் விதியே காலை வாரும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

1. பகடை தயாரிப்பு

சாதாரணப் பகடையில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரால் எழுத்துகளை எழுதுங்கள். ஸ்டிக்கர் இல்லையா? 1 என்றால் ஐ, 2 என்றால் வி என வரிசையாகத் தாளில் எழுதி நடுவில் வைத்தாலும் போதும்.

2. உருட்டுவது

விழுந்த எழுத்தை எழுதுங்கள். மறுபடி உருட்டினால், புது எழுத்து வலப்பக்கக் கடைசியில்தான் சேர வேண்டும். இடையில் செருகக் கூடாது. நிறுத்தினால் அந்த எண் உங்கள் கணக்கில் ஏறும். எழுதியது தப்பான ரோமன் எண்ணாகிவிட்டால் அந்த முறைக்குப் பூஜ்யம். முந்தைய முறைகளில் ஏறிய புள்ளிகள் பத்திரம்.

3. எது சரியான எண்?

ஐ, எக்ஸ், சி அடுத்தடுத்து மூன்று தடவை வரை வரலாம். வி, எல், டி ஓர் எண்ணில் ஒரே தடவை. சிறியது பெரியதற்கு முன்னால் நின்றால் கழித்தல். அதற்கு இந்த ஐந்து ஜோடிகள் மட்டுமே: ஐ-வி 4, ஐ-எக்ஸ் 9, எக்ஸ்-எல் 40, எக்ஸ்-சி 90, சி-டி 400. ஜோடிக்கு முன் நிற்கும் எழுத்து அந்த ஜோடியைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். பின்னால் வருவது, கழிக்கும் எழுத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அதனால் சி-எக்ஸ்-சி 190 சரி, எல்-எக்ஸ்-சி அவுட்.

ரோமர்கள் இவ்வளவு கறாராக இருக்கவில்லை. கொலோசியத்தின் 54ஆம் வாசலில் எல்-ஐ-ஐ-ஐ-ஐ என்றே செதுக்கியிருக்கிறார்கள். நம் ஆட்டத்தில் நாலாவது ஐ விழுந்தால் அவுட்தான்.

4. எப்போது நிறுத்துவது?

முதலில் சி விழுந்தால் யோசிக்கவே வேண்டாம், உருட்டுங்கள். அதன்பின் ஆறில் எது வந்தாலும் எண் கெடாது. டி வந்தால் 100 அப்படியே 400 ஆகிவிடும்.

டி விழுந்தால் நிறுத்துங்கள். அடுத்து இன்னொரு டி மட்டுமே ஆபத்து, ஆறில் ஒரு வாய்ப்புதான். ஆனால் போவது 500. மற்ற ஐந்து முகங்களும் சேர்ந்தே 166தான் தரும்.

எக்ஸ் விழுந்தால் தைரியமாகத் தொடரலாம். டி மட்டுமே கெடுக்கும், போனாலும் பத்துதான். எல் வந்தால் 40, சி வந்தால் 90. முதலிலேயே எல் விழுந்தால் மோசம், பாதி முகங்கள் எதிரி. வி அதைவிட மோசம்: ஐ தவிர எது வந்தாலும் அவுட். இரண்டுக்கும் நிறுத்துவதே நல்லது. ஐ விழுந்தால் இழக்க ஒன்றுமில்லை, உருட்டிப் பாருங்கள்.

சி-சி வந்து 200இல் நிற்கும்போதுதான் உண்மையான தவிப்பு. ஐந்து முகங்கள் சேர்ந்து 166 தரும், டி விழுந்தால் 200 போகும். கணக்கு நிறுத்தச் சொல்கிறது, ஆனால் மயிரிழையில்தான்.

5. முடிப்பது

யாராவது 1000ஐ எட்டியதும் அந்தச் சுற்றை எல்லோரும் ஆடி முடியுங்கள். அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்கு வெற்றி. அந்தக் கடைசிச் சுற்றில் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். எதிராளி 1005, உங்களிடம் 790, கையில் சி-சி என்று வையுங்கள். நிறுத்தினால் 990, தோல்வி நிச்சயம். உருட்டித்தான் ஆக வேண்டும்: சி அல்லது எல் விழுந்தால் முந்திவிடுவீர்கள், எக்ஸ் விழுந்தால் சரியாக 1000, பகடையை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.