மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன்: அமெரிக்கக் கடற்படைப் பயிற்சியின் நாட்கணக்கு

விசா லொத்தர் விழுந்து அமெரிக்கா போன பிள்ளை அங்கே கடற்படையில் சேர்ந்துவிட்டார். இங்கே கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. பெண்ணுக்குக் கட்டும் வீட்டில் கூரை ஏறுகிறது. "மாப்பிள்ளை எப்ப வாறார்?" என்று ஊர் கேட்கிறது. அதற்குத் திகதி சொல்லிவிடாதீர்கள். ஒரு கட்டம் முடிந்தது என்று உறுதியான பிறகு அடுத்த கட்டத்துக்கு மட்டும் கணக்குப் போடுங்கள்.

முதலாவது, ஒப்பந்தத்தில் கையொப்பம் வைத்துவிட்டுப் புறப்படும் நாளுக்காகக் காத்திருக்கும் காலம். இது ஒரு வருடம்வரை இழுக்கலாம், குறித்த நாளும் மாறலாம். இந்த இடைவெளியில் கலியாணப் பதிவு எழுதினால் ஆட்சேர்ப்பு அலுவலரிடம் அவர் உடனே சொல்லவேண்டும். அவரில் தங்கி வாழ்வோர் விபரம் மாறினால் பத்திரங்களும் மாறும்.

அடுத்தது அடிப்படைப் பயிற்சி. சிக்காகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள கிரேட் லேக்ஸில் நடக்கும். 2025 ஜனவரியிலிருந்து இது 9 வாரம். அதற்கு முன் 10 வாரமாக இருந்ததால் பழைய குறிப்புகளை நம்பிக் கணக்குப் பார்க்கவேண்டாம். போய்ச் சேர்ந்ததும் "வந்துவிட்டேன்" என்று ஒரு சிறிய அழைப்பு வரும், பிறகு நாட்கணக்கில் சத்தமே இராது. அது வழமைதான். பின்னர் வரும் முகவரியில் "ஷிப்" என்று ஒரு பெயர் இருக்கும். கடலுக்குப் போய்விட்டார் என்று அம்மாமார் பதறவேண்டாம், அங்கே படுக்கைக் கட்டிடத்தையே கப்பல் என்றுதான் சொல்வார்கள். கடிதம் போய்ச் சேர ஷிப் பெயரும் டிவிஷன் (அவர் பயிலும் குழு) எண்ணும் இரண்டும் வேண்டும்.

9 வாரம் ஏன் 11, 12 ஆகிறது? உடற்தகுதிச் சோதனையில் தவறுவது, காய்ச்சல், காலெலும்பு வெடிப்பு, நீச்சல். நீச்சலில் உயரத்திலிருந்து ஆழத்துக்குக் குதித்து, 50 யார் தூரம் நீந்தி, 5 நிமிடம் குப்புற மிதக்கவேண்டும். வாவியில் நீந்தி வளர்ந்தவருக்கும் இந்த மிதப்பு புதிது. முகம் தண்ணீருக்குள், மூச்சுக்கு மட்டும் தலை மேலே. பதறிக் கையைக் காலை அடித்தால் களைத்துவிடும். போகுமுன் ஒரு குளத்தில் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு இதை மட்டுமாவது பழகட்டும். தவறியவரைப் பின்னால் வரும் டிவிஷனுக்கு மாற்றுவார்கள். பட்டமளிப்பு தள்ளிப்போகும், முகவரியும் மாறும். எலும்பு வெடிப்பென்றால் ஆறும்வரை வாரங்கள் கணக்கில்லாமல் போகும்.

அது முடிந்தாலும் பெரும்பாலும் வீட்டுக்கு லீவு இல்லை, நேரே தொழிற்பயிற்சிக்கு அனுப்புவார்கள். அதை ஏ ஸ்கூல் என்பார்கள். சமையற்பிரிவுக்குச் சில வாரம், சான் அன்டோனியோவில் நடக்கும் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குச் சில மாதம், அணுப்பொறிப் பிரிவுக்கு அடுத்த பயிற்சிகளோடு சேர்த்து ஒன்றரை வருடமளவில். பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பிரிவுகள், குடியுரிமை இல்லாமல் கிரீன் காட்டில் (நிரந்தர வதிவிட அனுமதியில்) இருப்பவருக்குக் கிடையாது. கணக்கு மெத்தப் பிழைப்பது இங்கேதான். வகுப்பு தொடங்கும்வரை ஒரு காத்திருப்பு, முடிந்த பின் எங்கே போவது என்ற கட்டளை வரும்வரை இன்னொன்று. அந்த நாட்களில் அவர் துப்புரவு வேலையிலோ காவலிலோ நிற்பார். "இத்தனை வாரம்" என்று அவர் சொன்னால் "வகுப்பு தொடங்கிவிட்டதா?" என்று கேளுங்கள்.

அடிப்படைப் பயிற்சியில் அழைப்பு எப்போது வரும் என்று சொல்லமுடியாது. அங்கே ஞாயிறு நண்பகல் என்றால் மட்டக்களப்பில் கோடையில் இரவு 10.30, நவம்பர் முதல் மார்ச்வரை 11.30. தலைமாட்டில் போனை வைத்துப் படுங்கள், தெரியாத எண்ணையும் எடுங்கள். இங்கிருந்து போகும் கடிதம் பயிற்சி முடிந்த பிறகுகூடச் சேரலாம். அங்கேயுள்ள உறவினர் ஒருவரைத் தொடர்பாளாக வைத்து, நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்புவதை அவர் அச்செடுத்துத் தபாலில் போடுவது நல்லது. முந்திரி, முறுக்கு எதுவும் வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள்.

வீட்டில் ஆபத்தென்றால் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் மூலம்தான் தகவல் போகும். மாப்பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிரிவு முகவரி, ஆஸ்பத்திரி, வார்டு, வைத்தியர் பெயர் ஆகியவற்றைத் தொடர்பாளிடம் கொடுங்கள். சங்கத்தார் உறுதிப்படுத்தி அறிவிப்பார்கள், லீவு தருவது மேலதிகாரியின் முடிவு. நிச்சயித்த பெண் இன்னும் குடும்பக் கணக்கில் இல்லை என்பதால் தாய் தகப்பனின் நிலையைச் சொல்லித்தான் கேட்கவேண்டும்.

இனிக் கலியாணம். மாதத்துக்கு 2.5 நாள் லீவு சேரும், 6 மாதத்தில் 15 நாள். பயண நாளும் சனி ஞாயிறும் அதிலேயே கழியும். 10 நாள் லீவென்றால், விமானப் பயணம் இரண்டு பக்கமும் போக, கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரும் பொழுதும் போக, ஊரில் நிற்பது ஆறு நாள். பொதுத் திருமணச் சட்டத்தில் அறிவித்தல் கொடுத்து 12 நாள் பொறுக்கவேண்டும். லீவு போதாது, ஆகையால் விசேட அனுமதிப்பத்திரம் பற்றிப் பதிவாளரிடம் முன்னரே கேளுங்கள். முஸ்லிம் திருமணத்துக்குச் சட்டம் வேறு. ஆடி, மார்கழி தவிர்த்து இரண்டு முகூர்த்தம் பார்த்து வையுங்கள். வெளிநாட்டு லீவுக்கு அனுமதி கையில் வந்த பிறகு மண்டபத்துக்குக் காசு கட்டுங்கள்.

கிரீன் காட்டில் இருப்பவர் நிச்சயித்த பெண்ணுக்கான கே-1 விசா கேட்கமுடியாது, அது குடியுரிமை உள்ளவருக்கே. பதிவு எழுதிய பிறகு மனைவியை அழைக்கும் ஐ-130 விண்ணப்பம் போடலாம். கடற்படைச் சேவையை வைத்து அவர் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் போட்டால் கட்டணம் இல்லை. குடியுரிமை கிடைத்துவிட்டால் மனைவியின் விண்ணப்பம் வரிசையில் காத்திருக்காது. திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து, மாப்பிள்ளை விமானம் ஏறுமுன் ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிடுங்கள். மனைவியைக் கடற்படைப் பதிவில் சேர்க்கவும் அதே தாள்கள்தான் வேண்டும்.