ஹோல் இன் த ராக் சாலை: முதன்முறை ஜீப்பில் போகிறவர்களுக்கு

1879-ஆம் ஆண்டின் இறுதியில் மோர்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த சுமார் 250 குடியேறிகள், 80-க்கும் மேற்பட்ட கூண்டு வண்டிகளோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எஸ்கலான்டே வழியாகத் தென்கிழக்கே போனார்கள். ஆறு வாரம் என்று கணக்கிட்ட பயணம் ஆறு மாதம் நீண்டது. அதே தடத்தில் இன்று ஜீப் ஓட்டலாம். போக மட்டும் சுமார் 100 கிலோமீட்டர், விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள்.

முதல் வேலை வானிலை பார்ப்பது. இது களிமண் கலந்த பாதை. மழை பெய்துவிட்டால் எந்த வண்டியும் வழுக்கும், காய்ந்த ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வரும். எஸ்கலான்டே பார்வையாளர் மையத்தில் அன்றைய சாலை நிலவரத்தைக் கேளுங்கள். மேகம் கறுத்திருந்தால் போகவே வேண்டாம்.

பெட்ரோல் டேங்கை நிரப்புங்கள். வழியில் பங்க் இல்லை, கடை இல்லை. தாராளமாகத் தண்ணீர், நல்ல ஸ்டெப்னி, ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு எல்லாம் வண்டியில் இருக்கட்டும்.

எஸ்கலான்டேக்குக் கிழக்கே சுமார் 8 கிலோமீட்டரில், 12-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து மண்சாலை பிரிகிறது. அங்கேயே டயர் காற்றைக் குறையுங்கள். 35 பி.எஸ்.ஐ. இருந்தால் 25 போதும். அலை அலையான மேடுபள்ளத்தின் உலுக்கலை மெத்தென்ற டயர் வாங்கிக்கொள்ளும். பாதையை விட்டு இறங்கி ஓட்டாதீர்கள். நுண்ணுயிர்கள் பிணைத்து வைத்திருக்கும் அந்த மண்ணின் மேலோடு நசுங்கினால் மீள நெடுங்காலம் ஆகும்.

சுமார் 60 கிலோமீட்டரில் டான்ஸ் ஹால் ராக். குளிரில் காத்திருந்த குடியேறிகள் பிடில் இசைக்கு ஆடிய பாறைக் குடைவு. அவசியம் நின்று பாருங்கள்.

கடைசி பத்துக் கிலோமீட்டர்தான் கடினம். நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழலும் லோ ரேஞ்சுக்கு மாற்றி, முதல் கியரில் ஊருங்கள். படிக்கட்டு போன்ற பாறை வந்தால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். பெரிய கல்லை இரு சக்கரங்களுக்கு நடுவே விடாதீர்கள், வண்டியின் அடி இடிக்கும். சக்கரத்தையே கல்மேல் ஏற்றுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கட்டும். மனம் தயங்கினால் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போங்கள், தவறே இல்லை.

பாதை முடியும் இடத்தில் செங்குத்தான பாறைப் பிளவு. சாலைக்குப் பெயர் தந்த ‘ஹோல் இன் த ராக்’ (பாறையில் உள்ள துளை) இதுதான். 1880 ஜனவரி 26 அன்று சக்கரங்களைச் சங்கிலியால் பூட்டி, பின்னால் ஆட்கள் கயிற்றை இழுத்துப் பிடிக்க, கொலராடோ ஆற்றை நோக்கி வண்டிகளை இறக்கத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் பாறைச் சுவரில் துளையிட்டு, முளைகள் அடித்து, அவற்றின்மேல் வெளிச்சக்கரம் உருளத் தடம் போட்டார்கள். அந்த யோசனை வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி பெஞ்சமின் பெர்கின்ஸுடையது. அடிப்பகுதியை இப்போது பவல் ஏரி மூடியிருக்கிறது. பிளவின் வாயில் நின்று கீழே பார்க்கும்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

இருட்டுவதற்குள் கடைசிப் பாறைப் பகுதியைத் தாண்டித் திரும்புங்கள். நெடுஞ்சாலையைத் தொட்டதும் டயரில் மறுபடி காற்றை நிரப்பிய பிறகே வேகம் எடுங்கள்.