மலை மாலையான கதை

டிசம்பரில் உதகையில் முதன்முறையாகப் பாடப்படவிருந்த என் நான்கு குரல் பாடலை ஒத்திகையில் கேட்டபோது, ‘நீல மலை’ என்று நான் எழுதியிருந்தது ‘நீல மாலை’ என்றே காதில் விழுந்தது. பிழை பாடகர்களுடையதன்று, ஒரு மாத்திரைக் குறிலான ‘ம’வின்மேல் இரண்டு தட்டு நீளும் சுரத்தை வைத்தவன் நான்தான். மெட்டை முதலில் எழுதிவிட்டுச் சொல்லை அதற்குள் திணிக்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ‘ம’வை அரைத் தட்டாகச் சுருக்கி, முந்தைய தட்டின் கடைசிக்குத் தள்ளி, நீட்டத்தை ‘லை’க்குக் கொடுத்தேன். பெண்களின் உச்சக் குரலான சொப்ரானோவுக்கு அது உடனே பொருந்தியது. ஆண்களின் அடிக்குரலான பேஸோடு சேர்ந்தபோது சுர இணக்கம் முறிந்ததால், அங்கே மட்டும் ‘நீ’யை நீட்டி, ‘மலை’யை மற்ற மூன்று குரல்களுக்கும் பின்னால் வரவிட்டேன். குளிரில் விரல் விறைக்க, 28 பிரதிகளையும் பென்சிலால் திருத்தியதுதான் பெரும்பாடு.